கற்பனை நாட்டை வரைவது எப்படி: மலையிலிருந்து அஞ்சல்தலை வரை

கற்பனை நாடு ஒன்றை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைத்தான் முதலில் வரைவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வளைகுடாவையும் ஒவ்வொரு தீவையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, மையும் போட்டுவிட்டு, அப்புறம் உள்ளே மலையை வைக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெரிய கழிமுகம் ஒன்று வரைந்திருந்தேன், அதற்குத் தண்ணீர் கொண்டுவர ஆறு எந்தப் பக்கமும் இறங்க வழியில்லை. அழிக்கவும் முடியாது. அந்தத் தாளை அப்படியே எடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தாளில் விழும் எந்தக் கோடாக இருந்தாலும் சரி, ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஆறு ஏன் அங்கே வளைகிறது, ஊர் ஏன் அந்தக் கரையில் இருக்கிறது, கொடியில் ஏன் அந்த நீலம். காரணத்தைப் படத்தில் எழுத வேண்டியதில்லை, வரைகிற உங்களுக்குத் தெரிந்தால் போதும், பார்க்கிறவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேரும்.

விளக்குவதற்கு வசதியாகக் கூடவே ஒரு நாட்டை வரைந்துகொண்டே போவோம். பெயர் சேணாடு. சேண் என்றால் தொலைவு.

தாள், பேனா, அளவு

ஏ3 தாள் வைத்துக்கொள்ளுங்கள், அது 42 செ.மீ.க்கு 29.7 செ.மீ. வண்ணம் பூசப்போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாள், இல்லையென்றால் கொஞ்சம் தடித்த வரைதாள். வெளிறிய கோடுகளுக்கு 2எச் பென்சில், தண்ணீரில் கரையாத மைப் பேனா 0.1, 0.3, 0.5 மி.மீ. முனைகளில் ஒவ்வொன்று, ஒரு கட்டு டிரேசிங் தாள். இதில் எதை விட்டாலும் டிரேசிங் தாளை விடாதீர்கள், மலை ஒரு தாளில், ஆறு ஒரு தாளில், ஊர் ஒரு தாளில் என்று தனித்தனியாக வைத்து மாற்றிப் பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது. கணினியில் வரைகிறவர்கள் இதையே அடுக்குகளாகச் செய்யலாம், இலவசமாகக் கிடைப்பவற்றில் கோட்டு வேலைக்கு இன்க்ஸ்கேப், வண்ண வேலைக்குக் கிரிட்டா. நான் கையால் வரைந்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிட்டு எழுத்துகளை மட்டும் கணினியில் வைக்கிறேன்.

பென்சிலை எடுக்கும் முன் அளவை முடிவு செய்துவிடுங்கள். பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், பிறகு பக்கத்து ஊருக்குப் போகவே ஒரு மாதம் ஆகும் போல ஒரு நாடு அமைந்துவிடுகிறது. 1:10,00,000 அளவில் 1 செ.மீ. என்பது 10 கி.மீ. ஓரம் விட்டதுபோக 36 செ.மீ.க்கு 26 செ.மீ. இடம் கிடைத்தால் 360 கி.மீ.க்கு 260 கி.மீ. நிலம். அதில் சேணாட்டுக்கு ஏறத்தாழ 60,000 சதுர கி.மீ. கொடுக்கிறேன். இலங்கை சுமார் 65,000, சுவிட்சர்லாந்து சுமார் 41,000. உங்கள் நாட்டின் பரப்புக்கு நெருக்கமான உண்மையான நாடு ஒன்றைத் தேடி, அதன் வரைபடத்தில் எத்தனை பெரிய ஊர், எத்தனை ஆறு, எத்தனை துறைமுகம் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தாளில் எவ்வளவு நிரப்பலாம் என்பது பிடிபட்டுவிடும்.

மனிதன் ஒரு நாளில் 25, 30 கி.மீ. நடப்பான். இந்த அளவில் அது 2.5 முதல் 3 செ.மீ. வண்டிகள் வருவதற்கு முன்பே உருவான ஊர்கள் என்றால் பெருவழிகளில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரம் இதை ஒட்டியே அமையும், ஒரு நாள் நடந்தால் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமே.

முதலில் முதுகெலும்பு

கடற்கரையை மறந்துவிட்டு மலைத்தொடரின் உச்சிக் கோட்டை மட்டும் இழுங்கள். ஒரே நீண்ட கோடு, இலை நரம்பு போல அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் சின்னக் கிளைகள். சேணாட்டில் மலை தெற்கிலிருந்து வடக்கே, தாளின் நடுவுக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போகிறது. அடுக்குமலை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கோடு இழுக்கக் கை வரவில்லையா? இதைச் செய்து பாருங்கள். சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை நன்றாகக் கசக்கி, மெதுவாகப் பிரியுங்கள். முழுக்கத் தட்டையாக்க வேண்டாம், மேடும் பள்ளமுமாக நிற்கட்டும். தண்ணீரில் கரையும் நீல ஸ்கெட்ச் பேனாவால் உயரமான மடிப்புகளின் விளிம்பில் மட்டும் கோடு போடுங்கள். பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் மேலிருந்து தூறல் போலத் தண்ணீர் அடியுங்கள். முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. அப்புறம் விளிம்பில் இருந்த மை கசிந்து சரிவில் இறங்கும், பக்கத்து மடிப்பிலிருந்து வந்த இழையோடு சேரும், இரண்டும் சேர்ந்து கொஞ்சம் தடிமனாகிக் கீழே போகும், பள்ளம் இருக்கும் இடத்தில் குளம் போல நீலமாகத் தேங்கும். ஆறு எப்படி உருவாகிறது என்று பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இதை ஒருமுறை கண்ணால் பார்ப்பது மேல். காய்ந்ததும் போட்டோ எடுத்து அதன் மேலேயே வரைய ஆரம்பிக்கலாம், சேணாட்டின் வடபாதி அப்படி வந்ததுதான்.

ஆறு

ஒரு கற்பனை வரைபடம் நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்பதை நான் ஆற்றைப் பார்த்துத்தான் சொல்வேன். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

ஆறுகள் சேரும், பிரியாது. கீழே போகப் போகக் கிளைகள் ஒன்று சேர்ந்து எண்ணிக்கையில் குறையும், தடிமனில் கூடும். கழிமுகத்தில், கடலை ஒட்டிய தட்டையான நிலத்தில் மட்டும் பல வாய்களாகப் பிரியலாம். சேரும் இடத்தில் ஒய் வடிவத்தின் வால் கீழ்நோக்கி, அதாவது கடலை நோக்கி இருக்க வேண்டும். ஏரிக்குள் எத்தனை ஆறு வேண்டுமானாலும் வரலாம், வெளியே போவது ஒன்றுதான், ஏனென்றால் எந்த விளிம்பு தாழ்வோ அங்கேதான் தண்ணீர் வழியும். வெளியேறும் வழியே இல்லாத ஏரி என்றால் காலப்போக்கில் உப்பாகிவிடும், சாக்கடல் அப்படித்தான் ஆனது. அப்புறம் முக்கியமானது, எந்த ஆறும் மலையின் உச்சிக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகாது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவில் காசிகியாரே என்ற ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து போய் ரியோ நீக்ரோ வழியாக அமேசானில் சேர்கிறது, இரண்டு பெரிய ஆற்று அமைப்புகளை இயற்கையாகவே இணைக்கிறது. உலகமே வியந்து பேசும் அளவுக்கு அது அபூர்வம். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதைச் சுற்றி ஒரு கதையும் இருக்கட்டும்.

செங்குத்தான சரிவில் ஆறு ஏறக்குறைய நேராக இறங்கும், சமவெளிக்கு வந்ததும்தான் வளைந்து நெளியும். மலைக்குள்ளேயே பாம்பு போல நெளியவிட்டுச் சமவெளியில் அம்பு போல விடுகிறவர்கள் நிறைய, அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வரைபடம் சரியாகிவிடும். சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள், போடுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் அதன் முனை ஆறு வரும் திசையை நோக்கி, மேல்நோக்கி வளைய வேண்டும்.

சேணாட்டின் பெரிய ஆறு நெடுநீர். அடுக்குமலையில் தோன்றிக் கிழக்கே ஓடுகிறது, பாதி வழியில் வடக்கிலிருந்து கருவாறு வந்து சேர்கிறது. இந்தச் சேருமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும்.

மழை எந்தப் பக்கம்

காடு எங்கே, வறண்ட நிலம் எங்கே என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து 30 பாகை வரை காற்று பொதுவாகக் கிழக்கிலிருந்து வீசும், 30 முதல் 60 வரை மேற்கிலிருந்து. காற்று மோதும் பக்கம் மழை, மலைக்கு மறுபக்கம் மழை மறைவு, அதாவது மழை எட்டாத வறண்ட பக்கம். ஆண்டிஸ் மலைத்தொடர் ஒன்றே இதற்குப் போதும். வடக்கே அதன் மேற்குப் பக்கம் அடகாமா பாலைவனம், தெற்கே அதே மலையின் கிழக்குப் பக்கம் வறண்ட படகோனியா. மலை ஒன்றுதான், காற்றின் திசை மாறியதும் வறட்சி பக்கம் மாறிவிட்டது. அடகாமாவுக்குப் பக்கத்துக் கடலின் குளிர்ந்த நீரோட்டமும் ஒரு காரணம், கண்டங்களின் மேற்குக் கரையில் பாலைவனம் வைக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல சாக்கு.

சேணாட்டை நான் தெற்கு அரைக்கோளத்தில் 16 பாகைக்குப் பக்கத்தில் வைத்தேன். கடல் கிழக்கே, காற்றும் கிழக்கிலிருந்து, அதனால் கிழக்குச் சரிவு முழுக்கக் காடு, மலைக்கு மேற்கே வெண்புலம் என்ற புல்வெளியும் கல்தரையும். மடகாஸ்கரில் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஒரு பாகை அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ., ஆகவே 260 கி.மீ. நாட்டில் வடக்குக்கும் தெற்குக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. தெற்கு முனையில் பனியும் வடக்கு முனையில் பாலையும் ஒரே சின்ன நாட்டில் வேண்டும் என்றால் உயரத்தைப் பயன்படுத்துங்கள், 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

இப்போதுதான் கடற்கரை

மலையும் பள்ளத்தாக்கும் தாளில் வந்துவிட்டன அல்லவா, இனி கடலை உள்ளே விடுங்கள். கடற்கரை என்பது உயரம் பூஜ்யமாக இருக்கும் சமவுயரக் கோடு, அவ்வளவுதான். தண்ணீர் ஏறினால் பள்ளத்தாக்குகளுக்குள் நீண்டு போய் வளைகுடாவாகும், மலைக்கிளைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு முனைகளாகும், கிளையின் முதுகு கடலில் மூழ்கி மறுபடி தலைதூக்கும் இடங்கள் தீவுகளாகும். தீவுகளை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதே இல்லை, முனையின் திசையில் அப்படியே கோட்டை நீட்டினால் அங்கே தீவு இருக்கும்.

கரை முழுவதையும் ஒரே மாதிரி நடுக்கத்தோடு வரைந்துகொண்டே போகாதீர்கள். மலை கடலைத் தொடும் இடத்தில் உடைந்து உடைந்து போகட்டும், சமவெளி தொடும் இடத்தில் நீண்ட மென்மையான வளைவாக இருக்கட்டும், ஆறு மண் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் வெளியே உப்பிக்கொண்டு நிற்கட்டும். பியோர்டுகள் என்ற ஆழமான, குறுகலான கடல் நுழைவுகள் பனியாறுகள் செதுக்கியவை, வெப்ப நாட்டுக் கரையில் அவற்றை வைத்தால் கண்ணை உறுத்தும்.

ஊர்கள்

ஒவ்வொரு ஊரையும் வைக்கும்போது கேளுங்கள், முதலில் வந்து குடியேறியவர் ஏன் இங்கே நின்றார்? ஆறுகள் சேரும் இடம், ஆற்றைக் கடக்க வசதியான ஆழமில்லாத இடம், படகு அதற்கு மேல் போக முடியாத இடம், கணவாயின் அடிவாரம், வறண்ட நிலத்தில் ஊற்று, சுரங்கம். நீல நைலும் வெள்ளை நைலும் சேரும் இடத்தில் கார்ட்டூம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிலடெல்பியா, வாஷிங்டன், ரிச்மண்ட் எல்லாம் ஒரு வரிசையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுநிலத்திலிருந்து ஆறுகள் கடற்கரைச் சமவெளிக்குச் சட்டென்று இறங்கும் கோடு அது. கடலிலிருந்து வந்த படகுகள் அங்கே நின்றன, சரக்கு இறக்க வேண்டியிருந்தது, ஊர் எழுந்தது.

சேணாட்டின் தலைநகர் நெடுநீரும் கருவாறும் சேரும் இடத்தில் இருக்கிறது, பெயர் இணைவாய். இரண்டு பள்ளத்தாக்குகளின் விளைச்சலும் அங்கே இறங்கும், வேறெங்கே வைப்பது?

துறைமுகத்தைக் கழிமுகத்தின் நடுவில் வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். ஆறு கொண்டுவரும் வண்டல் துறைமுகத்தை மூடிவிடும். அலெக்சாண்ட்ரியா நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, அங்கே வண்டல் கிழக்கே அடித்துச் செல்லப்படுகிறது. மார்சேய் ரோன் ஆற்றுக் கழிமுகத்துக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது, அங்கே வண்டல் போவது மேற்கே. இரண்டும் வண்டல் போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில். சேணாட்டில் நீரோட்டம் வடக்கு நோக்கிப் போவதாக முடிவு செய்தேன், அதனால் துறைமுகமான முனைத்துறை கழிமுகத்துக்குத் தெற்கே, ஒரு மலைமுனையின் மறைவில். இந்த ஒரு முடிவுக்குப் பிறகு இணைவாயிலிருந்து முனைத்துறைக்கு ஒரு பெருவழி வேண்டும் என்று ஆனது, அது சதுப்பைச் சுற்றிப் போக வேண்டும் என்று ஆனது, சுற்றும் இடத்தில் ஒரு சத்திர ஊர் தேவைப்பட்டது. ஒரு கோட்டுக்குக் காரணம் கிடைத்தால் அது இன்னும் நாலு கோட்டை இழுத்துக்கொண்டு வரும், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

ரயில் பாதை வைக்கிறீர்கள் என்றால் அது சாலையைவிடச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுவதே ரயிலுக்குக் கடினம். ஆகவே ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டே போகும், மலையைக் கண்டால் சுற்றும்.

எல்லைக்கோடு

எல்லை மூன்று விதமாக வரலாம்: மலை உச்சி வழியே, ஆற்றின் வழியே, அல்லது யாரோ மேசையில் உட்கார்ந்து அளவுகோலால் இழுத்த நேர்கோடாக. நேர்கோடு இருந்தால் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமல் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே 49ஆவது பாகை, எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே 22ஆவது பாகை. எகிப்து–சூடான் எல்லையில் 1899இல் ஒரு கோடும் 1902இல் வேறொரு கோடும் போட்டார்கள், இன்று ஒவ்வொரு நாடும் தனக்குச் சாதகமான கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பிர் தவீல் என்ற சுமார் 2,060 சதுர கி.மீ. நிலத்தை இருவருமே கேட்பதில்லை. ஆற்றெல்லை நிலையாகவும் இருக்காது. 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி தடம் மாறியதால் இலினாய் மாநிலத்தின் கஸ்காஸ்கியா என்ற ஊர் ஆற்றின் மறுகரைக்குப் போய்விட்டது, ஊர் இன்றும் இலினாயில்தான்.

சேணாட்டின் மேற்கு எல்லை வெண்புலத்தில் ஒரு நேர்கோடு. அதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு மேற்கே பிதுங்கி ஓர் ஊற்றைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. யார் அந்த ஊற்றுக்காகச் சண்டை போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், வரைபடத்தில் எழுதவில்லை.

பெயர்கள்

பழைய பெயர்களின் பொருள் பெரும்பாலும் எளிமையாக இருக்கும். சஹாரா என்பது பாலைவனம் என்று பொருள்படும் அரபுச் சொல். சாட் ஏரியில் சாட் என்றாலே பெரிய நீர்நிலைதான். ஆகவே வீரம் சொட்டும் பெயர்களைக் குறைத்துக்கொண்டு கல், மணல், துறை, மேடு என்று தொடங்குங்கள். தமிழில் பெயர் வைத்தால் வால்சொல் உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்யும், பட்டினம் என்றால் கடல், துறை என்றால் படகு நிற்கும் கரை, குறிச்சி என்றால் மலை. வேறு மொழி பேசும் நாடு என்றால் பன்னிரண்டு மெய்யொலிகளும் ஐந்தாறு வால்சொற்களும் மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே எல்லாப் பெயரையும் கட்டுங்கள், கேட்கும்போது ஒரே நாட்டுப் பெயர்கள் போல ஒலிக்கும். பழைய ஊர்ப் பெயர்களை வாயில் போட்டுக் கொஞ்சம் தேய்த்துவிடுவது நல்லது.

தமிழில் எழுத்து வைப்பது

இதைப் பற்றித் தமிழில் யாரும் சொல்லிக்கொடுக்கக் கண்டதில்லை, பட்டுத்தான் கற்றேன். ஆங்கில வரைபடங்களில் நாட்டின் பெயரைக் கேபிடல் எழுத்திலும் ஊரின் பெயரை ஸ்மால் எழுத்திலும் போட்டு வேறுபடுத்துகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அளவு, தடிமன், எழுத்துகளுக்கு இடையே விடும் இடைவெளி, இவற்றை வைத்துத்தான் காட்ட வேண்டும். நான் செய்வது: மாநிலத்தின் பெயர் மெல்லிய எழுத்தில் அகலமாகப் பரப்பி, நகரம் தடித்து நெருக்கமாக, சிற்றூர் மெல்லியதாகச் சிறிதாக, தண்ணீர் எதுவானாலும் நீலத்தில் சாய்வாக.

இடைவெளி விட்டுப் பரப்பும்போது எழுத்தை எழுத்தாகவே பரப்ப வேண்டும். "கொடுமுனை" என்பதைப் பரப்பினால் கொ, டு, மு, னை என்று நான்கு துண்டுகள், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் விலகி நிற்கக் கூடாது. ஆற்றின் வளைவைப் பின்தொடர்ந்து பெயர் வைக்கும்போது சில மென்பொருள்கள் இதைச் சொதப்பிவிடும், கொம்பு ஒரு கோணத்தில் திரும்பும், எழுத்து வேறு கோணத்தில் திரும்பும். ஒவ்வொரு வளைவையும் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை வேறு, அதனால் மலைக்கும் காட்டுக்கும் மை போடும் முன்பே பெயர்களைப் பென்சிலில் எழுதி இடத்தைப் பிடித்துவிடுங்கள். மையின் வரிசையும் அதுதான்: முதலில் பெயர்கள், அடுத்து ஊர்ப் புள்ளிகள், ஆறு, கரை, சாலை, கடைசியாக மலை. மலைக்கோடு பெயரைத் தொட வந்தால் நின்றுவிட்டு மறுபக்கம் தொடரும்.

அளவைக் காட்ட எண் விகிதத்தோடு நிறுத்தாமல் அளவுப் பட்டையும் வரையுங்கள். படத்தைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் பட்டை கூடவே மாறும், எண் மாறாது.

வண்ணம்

மலைக்கு நிழல் போடும்போது வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வெளிச்சம் கொடுத்தால் பலருக்கும் மலை பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தெரியும். தாழ்நிலம் பச்சை, மேடு பழுப்பு என்ற வழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு, பச்சையைப் பார்த்ததும் காடு என்று நினைப்பார்கள். வறண்ட தாழ்நிலம் இருக்கும் நாட்டில் நான் பச்சையைத் தவிர்த்து வெளிர் மஞ்சளில் தொடங்குகிறேன்.

மாநிலங்களுக்கு வண்ணம் கொடுக்க நான்கே வண்ணம் போதும், எத்தனை மாநிலம் இருந்தாலும் சரி, ஒவ்வொன்றும் ஒரே துண்டாக இருந்தால் அடுத்தடுத்து இருப்பவை ஒரே வண்ணமாகாது. இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு வண்ணம் தீட்டும்போது பிரான்சிஸ் கத்ரி 1852இல் கவனித்த விஷயம் இது, கணினியின் உதவியோடு ஆப்பல், ஹாக்கன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1976இல்தான் நிரூபித்தார்கள்.

கொடி, பணம், அஞ்சல்தலை

கொடியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நிலம் தெரிந்த பிறகு கொடி தானாக வரும். சேணாட்டுக்கு நீலத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் சேர்ந்து ஒன்றாவது போல முதலில் வரைந்தேன், நெடுநீரும் கருவாறும். கொடிமரப் பக்கத்திலிருந்து சேரவிட்டபோது 1994 முதல் இருக்கும் தென்னாப்பிரிக்கக் கொடியின் வடிவம் போலவே இருந்தது, அதனால் மேலிருந்து இரண்டும் இறங்கி நடுவில் சேர்ந்து கீழே ஒன்றாகப் போகும்படி மாற்றினேன். உண்மையான கொடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள், நாடுகளே ஏமாந்திருக்கின்றன. 1936 ஒலிம்பிக்கில்தான் லீக்டென்ஸ்டைன் கொடியும் ஹெய்ட்டி கொடியும் ஒன்றாக இருப்பது தெரியவந்தது, அடுத்த ஆண்டே லீக்டென்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது.

வண்ணத்துக்குப் பழைய மரபு ஒன்று இருக்கிறது: வெள்ளையும் மஞ்சளும் ஒரு வகை, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு இன்னொரு வகை, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டை ஒட்டி வைக்காதே. தூரத்தில் பார்த்தால் ஏன் என்று புரியும், நீலத்தின் மேல் கறுப்புக் கோடு காணாமல் போய்விடும். வரைந்த கொடியை 2 செ.மீ. அகலத்துக்குச் சிறிதாக்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு குழந்தையிடம் ஒரு நிமிடம் காட்டிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். செவ்வகமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை, நேபாளத்தின் கொடி இரண்டு முக்கோணம், சுவிட்சர்லாந்தின் கொடி சதுரம்.

பணத்துக்கு 1, 2, 5, 10, 20, 50 என்ற வரிசை வசதியானது, குறைந்த எண்ணிக்கையில் எந்தத் தொகையும் கொடுத்துவிடலாம். மதிப்பு கூடக் கூட நோட்டின் அளவும் கூடட்டும், பார்வையற்றவர்கள் தொட்டுக் கண்டுபிடிக்க யூரோ நோட்டுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பின்னணியில் வரும் நுணுக்கமான வலைக்கோடுகளுக்கு ஸ்பைரோகிராப் பொம்மைச் சக்கரங்களே போதும், 0.1 பேனாவைச் செருகிச் சுற்றினால் அசல் நோட்டின் களை வந்துவிடும்.

அஞ்சல்தலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு டொனால்டு எவன்ஸ் நினைவுக்கு வருவார். 1945இல் பிறந்து 1977இல் இறந்த அமெரிக்க ஓவியர், கற்பனை நாடுகளுக்கு நீர்வண்ணத்தில் ஆயிரக்கணக்கான அஞ்சல்தலைகள் வரைந்தவர். அஞ்சல்தலையைச் சுற்றி இருக்கும் துளை வரிசையைக் காட்ட அவர் பழைய தட்டச்சு இயந்திரத்தில் முற்றுப்புள்ளிகளை வரிசையாக அடித்தார். இதை நானும் செய்து பார்த்தேன். தட்டச்சு இயந்திரம் இல்லாததால் மழுங்கிய ஊசியால் அளவுகோலை ஒட்டி ஒன்றரை மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தினேன், கிழித்தால் ஓரம் பல் பல்லாக வருகிறது. ஓவியத்தை நாலு மடங்கு பெரிதாக வரைந்து சிறிதாக்கி அச்செடுங்கள். முத்திரையையும் அடியுங்கள், இணைவாய் என்ற ஊர்ப் பெயரும் ஒரு தேதியும், தலையின் ஒரு மூலையில் பாதி மட்டும் விழுந்தபடி. அந்த அரை வட்டம் விழுந்ததும் அங்கே ஓர் அஞ்சலகமும் அதில் வேலை செய்யும் ஒருவரும் இருப்பது உறுதியாகிவிடுகிறது.

இரண்டாவது வரைபடம்

முதல் வரைபடம் முடிந்ததும் அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து அதே நாட்டை நூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ வரைந்தது போல வரையுங்கள். இணைவாயில் பாலம் இருக்காது, படகுத்துறை மட்டும். ரயில் இருக்காது. கழிமுகம் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். மேற்கே வெண்புலத்துக்குள் பெயர்களே இருக்காது.

அதில் ஒரு தவறையும் வையுங்கள். ஆங்கிலேய நிலவரைவாளர் ஜேம்ஸ் ரென்னல் 1798இல் வரைந்த வரைபடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே காங் மலைகள் என்று ஒரு நீண்ட தொடரைப் போட்டார், நைஜர் ஆறு தெற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே போகிறது என்று அவர் நம்பினார், அதற்கு அங்கே ஒரு மலை தேவைப்பட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வரைபடங்களில் அது இருந்தது. 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி லூயி பிங்கர் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் அப்படி ஒரு மலைத்தொடரே இல்லை என்று தெரிந்தது. சேணாட்டின் பழைய வரைபடத்தில் கருவாற்றின் மேல்பகுதியை யாரும் போய்ப் பார்த்ததில்லை, அதனால் அதன் தொடக்கத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, பெயர்கூட இருக்கிறது, பெருங்கயம். புதிய வரைபடத்தில் அதே இடத்தில் மூன்று சின்ன ஓடைகள் மட்டும்.